வாழைப்பழத்தில் ஏன் விதை இல்லை? பிளஸ் டூ உயிரியல் மனப்பாடப் பாடமாக மாறிய கதை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ஃபர்ஸ்ட் குரூப்பா, செகண்ட் குரூப்பா, காமர்ஸா? அந்தப் பேச்சில் உயிரியல் என்ற பெயர் அடிபட்டதும் பெரியப்பாவோ அத்தையோ யாராவது ஒருவர், "கணக்கு வராத பிள்ளைக்கு அதுதான் சரி, உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினால் போதும்" என்று சொல்லிவிடுவார்கள். பல வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். இந்த ஒரு பேச்சை நம்பி வந்த பிள்ளைகள் பிளஸ் ஒன் அரையாண்டுக்குள் முகம் வாடி நிற்பதை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து படித்தவர்கள்தான். படித்த முறைதான் அவர்களைக் கைவிட்டது, அந்த முறையைச் சொல்லிக்கொடுத்ததும் நாம்தான்.

முதலில் பாடம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். கணிதம், இயற்பியல், வேதியியலோடு சேர்த்து எடுக்கிற ஃபர்ஸ்ட் குரூப்பில் உயிரியல் ஒரே பாடம். ஆனால் கையில் வருவது உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகம், பெரும்பாலும் இரண்டு ஆசிரியர்கள். எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணும் 35, 35 என்று சரிபாதியாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் எட்டு ஒரு மதிப்பெண், நான்கு இரண்டு மதிப்பெண், மூன்று மூன்று மதிப்பெண், இரண்டு ஐந்து மதிப்பெண். மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி முழுப் பாடங்கள், புத்தகமும் இன்னும் தடிமன்.

இந்த இரண்டு புத்தக ஏற்பாட்டை மேலோட்டமாகப் பார்த்தால் நிர்வாக வசதி மாதிரிதான் தெரியும். பிள்ளையின் தலைக்குள் அது என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். செல் பிரியும் விதத்தைப் பிளஸ் ஒன் தாவரவியலில் படிக்கிறான். மெண்டலின் பட்டாணிச் செடி ஒரு வருடம் கழித்துப் பிளஸ் டூ தாவரவியலில் வருகிறது. டி.என்.ஏ. எப்படித் தன்னை நகலெடுக்கிறது என்பதைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் விலங்கியலில் நடத்துகிறார். மூன்றும் ஒரே சங்கதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மெண்டல் தன் கட்டுரையை வெளியிட்டது 1866-இல். குணங்களைத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்துவதாக அவர் சொன்ன காரணிகள் செல்லுக்குள் இருக்கிற குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்று சட்டன், போவேரி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சேர்த்துவைத்தது 1902, 1903 வாக்கில். உலகத்தின் பெரிய மூளைகளுக்கே இந்த முடிச்சைப் போட 35 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லித்தராமல், தானாகப் போட்டுக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

பிளஸ் டூ வகுப்பில் ஒருநாள் ஒரு பூவன் பழத்தைக் குறுக்காக வெட்டி மேசையில் வைத்து, இதில் ஏன் விதை இல்லை என்று கேட்டேன். நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும் இல்லையா, விதையாக வேண்டியவை அப்படியே நின்றுபோன அடையாளம் அது. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் வாழை விவசாயம் பண்ணுகிற வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "கன்னு வச்சுத்தானே சார் நடுவாங்க, அப்புறம் விதை எதுக்கு?" என்றாள். வகுப்பு சிரித்தது, எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது. அவள் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருந்தாள், காரணத்தையும் விளைவையும் மட்டும் தலைகீழாகப் பிடித்திருந்தாள். கன்று வைத்து நடுவதால் விதை இல்லாமல் போகவில்லை. விதை இல்லாததால்தான் கன்று வைக்க வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து பிளஸ் ஒன் புத்தகத்துக்குப் போனோம். காட்டு வாழைக்கு 22 குரோமோசோம், அதாவது 11 ஜோடி. அதில் பழத்துக்குள் கல் மாதிரி கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும். நாம் சாப்பிடுகிற பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன் எல்லாவற்றுக்கும் 33. மியூசா அக்குமினேட்டா, மியூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை இவை. முதலாவதிலிருந்து வந்த 11 குரோமோசோம் தொகுப்பை ஏ என்றும் இரண்டாவதிலிருந்து வந்ததை பி என்றும் குறித்தால் பூவன் ஏ.ஏ.பி., கற்பூரவள்ளி ஏ.பி.பி. ஒவ்வொன்றிலும் மூன்று தொகுப்பு. சரி, இப்போது குன்றல் பகுப்பை, அதாவது இனப்பெருக்க செல்களுக்காகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகிற செல் பகுப்பை, நினைத்துப் பாருங்கள். அதில் முதல் வேலையே ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்வதுதான். மூன்று பேர் இருக்கிற இடத்தில் எப்படி ஜோடி சேரும்? ஒன்று தனியாக நிற்கும், அல்லது மூன்றும் சிக்கிக்கொள்ளும். கணக்கு பிசகி, மகரந்தத்துக்கும் சூலுக்கும் ஏறுக்கு மாறான எண்ணிக்கை போய்ச் சேரும், பெரும்பாலானவை உருப்படாது. கருவுறாமலேயே சூலகம் பழமாகிற குணமும் இந்த வாழைகளுக்கு இருப்பதால் பழம் கிடைக்கிறது, விதை கிடைப்பதில்லை.

லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று குன்றல் பகுப்பின் நிலைகளைப் போன வருடம் பாட்டு மாதிரி ஒப்பித்த அதே பிள்ளைகள்தான். அந்தப் பெயர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் சிலருக்குப் படம் விழுந்தது.

கதை அதோடு முடியவில்லை. விதை இல்லையென்றால் பக்கக்கன்று. கன்று என்பது தாய்மரத்தின் அச்சு அசல் நகல், ஒரு மரபணுகூட மாறாது (அபூர்வமாகத் திடீர்மாற்றம் வந்தால் தவிர). வாழையடி வாழையாக என்று நாம் வாழ்த்துகிறோமே, தாவரவியல் கணக்கில் அது பாலிலா இனப்பெருக்கம். தோட்டம் முழுக்க ஒரே மரபணு என்றால் ஒரு மரத்தைச் சாய்க்கிற நோய் எல்லா மரத்தையும் சாய்க்கும். ரஸ்தாளி போட்டவர்களைக் கேளுங்கள், பனாமா வாடல் நோய் என்றால் என்ன என்று சொல்வார்கள். மண்ணுக்குள் இருக்கிற பூஞ்சை வேர் வழியாக ஏறி நீர் போகிற சைலக் குழாயை அடைத்துவிடும். இலை மஞ்சளாகி, காம்போடு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும். சைலம் எதற்கு என்பது பிளஸ் ஒன் திசுப் பாடம், தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்பது கடத்து முறைகள் பாடம், நோய் தாங்கும் ரகம் உருவாக்குவது பயிர்ப் பெருக்கப் பாடம். இன்றைக்கு ஜி9 என்ற ரக வாழைக்கன்று திசு வளர்ப்பில், அதாவது சின்னத் திசுத் துண்டை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கிற முறையில், வருகிறது, அது பிளஸ் டூவில் தனிப் பாடமாகவே இருக்கிறது. திசு வளர்ப்புக் கன்று நோய் இல்லாமல் சுத்தமாக வரும், ஆனால் அதுவும் நகல்தான், நடவு செய்த மண்ணில் பூஞ்சை இருந்தால் அதனிடம் தனியாக ஒரு எதிர்ப்பும் கிடையாது. திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பார்க்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. ஒரு பழத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடப் பாடத்தில் ஆறேழு அத்தியாயத்துக்குள் போய்வர முடிகிறது. இப்படிப் போய்வருவதற்குப் பெயர்தான் உயிரியல் படிப்பது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு ஏன் இது மனப்பாடப் பாடம் ஆனது? அதற்கு மதிப்பெண் வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது 1978-இல். 1984 முதல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. 2006-இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோச்சிங் செலவு இல்லாமல் கதவு திறந்தது, அதை நான் கண்ணால் பார்த்தவன், அந்த முடிவின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. மருத்துவ கட் ஆஃப் 200-க்கு என்று ஆனபோது அதில் உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100. அப்போது ஒவ்வொரு பாடமும் 200 மதிப்பெண். அப்படியானால் உயிரியலில் ஒரு மதிப்பெண் போனால் கட் ஆஃபில் அரை போகும், இயற்பியலில் போனால் கால்தான் போகும். பொதுப்பிரிவில் கட் ஆஃப் 199-ஐ ஒட்டி நிற்கிற காலம் அது. ஒரு வரியில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் டாக்டர் கனவு போய்விடும் என்ற பயம் பிள்ளைக்கும் இருந்தது, நடத்துகிற எங்களுக்கும் இருந்தது. புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை வரி பிசகாமல் எழுது, சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்காதே. நாங்கள் சொன்னது அதுதான். திருத்துகிறவர் கையில் இருக்கிற விடைக்குறிப்பும் அதையேதான் கேட்டது.

அதற்கு மேல் புளூ பிரிண்ட். எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வரும் என்று முன்கூட்டியே தெரியும். எதைப் படித்தால் எவ்வளவு தேறும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்து, சில பாடங்களை அப்படியே விட்டுவிடலாம். புக் பேக் கேள்விகளைக் கரைத்துக் குடித்தால் ஒன் வேர்டு தேறிவிடும். இதைவிடப் பெரிய கோளாறு, பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடமே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தியது. செல், செல் பகுப்பு, திசு, ஒளிச்சேர்க்கை, சுவாசித்தல் எல்லாம் இருக்கிற வருடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, மரபியலும் உயிரித் தொழில்நுட்பமும் எப்படிப் புரியும்? அடித்தளம் போடாமல் மாடி எழுப்பிய வேலைதான். இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், பாடத்துக்கு 200 என்பதை 100 ஆக்கினார்கள், அடுத்த வருடத்திலிருந்து புதிய புத்தகங்களும் வந்தன. 2025-26 முதல் அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியதில் எனக்கும் நிம்மதிதான், ஆனால் பழைய குறுக்குவழி திரும்பவும் எட்டிப் பார்க்குமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் பிளஸ் ஒன் உயிரியல் முழுதாக நடக்கிறதா என்று தயவுசெய்து கேளுங்கள்.

2017-இல் தமிழ்நாட்டு மாணவர்கள் நீட் வழியாகத்தான் மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்று ஆனது. மொத்தம் 720, அதில் உயிரியல் 360, இங்கேயும் பாதி. 180 கேள்விக்கு 180 நிமிடம், சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழியும். பல கேள்விகளில் இரண்டு கூற்றைக் கொடுத்து எது சரி என்று கேட்பார்கள், ஒரு கூற்று ஒரு அத்தியாயத்திலிருந்தும் இன்னொன்று வேறு அத்தியாயத்திலிருந்தும் வரலாம். பத்து வருடமாக ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் விடை எழுதப் பழகிய ஏற்பாடு ஒரே வருடத்தில் இதற்கு மாற வேண்டியிருந்தது. அந்தச் சுமை முழுவதும் பிள்ளைகள் மேல்தான் விழுந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. வருடக்கணக்கில் ரிப்பீட்டராக இருந்து லட்சங்களில் கோச்சிங் கட்ட முடிகிறவர்களோடு, முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற ஒரு பிள்ளையை ஒரே ஒரு மதியத் தேர்வில் ஒப்பிடுவது நியாயம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு கொடுமை. 2018 நீட் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் பின்னர் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி எது சரியோ, அந்த அறைக்குள் உட்கார்ந்து, இரண்டு வருடம் படித்த சொல்லும் தாளில் இருக்கிற சொல்லும் ஒத்துப்போகாமல் நிமிடங்களைத் தொலைத்த பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

ஆனாலும் தமிழில் உயிரியல் படிப்பது குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சவ்வூடு பரவல் என்ற சொல்லைப் பாருங்கள். சவ்வின் ஊடாகப் பரவுகிறது. விளக்கமே பெயருக்குள் இருக்கிறது. ஆஸ்மாசிஸ் என்று படிக்கிற பிள்ளைக்கு அந்த உதவி கிடையாது, அது அர்த்தத்தைத் தனியாகச் சுமக்க வேண்டும். குன்றல் பகுப்பு என்றாலே எண்ணிக்கை குன்றுகிறது என்று காதில் விழுகிறது. இலங்கையில் உயர்தரம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இதையே ஒடுக்கற்பிரிவு என்பார்கள், செல்லைக் கலம் என்பார்கள், திசுவை இழையம் என்பார்கள். அவையும் நல்ல சொற்கள்தான், எனக்குக் கலம் என்ற சொல் மேல் தனிப் பிரியம் உண்டு. தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை கல்லூரிக்குப் போனதும் சொல் எல்லாம் ஆங்கிலத்தில் வரும் என்பது உண்மை. அதற்கு நான் சொல்கிற வழி, பாட நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வருவது. பிளஸ் ஒன் ஜூன் மாதத்தில் தொடங்கினால் நாளைக்கு மூன்று சொல் போதும்.

செய்முறை வகுப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அதிகம் வஞ்சிக்கப்பட்டது அதுதான். பல இடங்களில் பிப்ரவரிக்கு முந்திய இரண்டு வாரத்தில் ரெக்கார்டு நோட்டை எழுதி முடித்து, தேர்வில் அடையாளம் சொல்ல வைக்கிற மாதிரிகளான ஸ்பாட்டர்களைப் படம் பார்த்து உருப்போட்டுத் தேர்வுக்குப் போகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்காமலேயே உயிரியலில் சென்டம் வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

செய்முறை என்ன தரும் என்று காட்ட ரியோ செடி ஒன்று போதும். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் கத்திரிப்பூ நிறம், பல வீட்டு வாசல் தொட்டியில் இருக்கும். இலையை மடக்கிக் கிழித்தால் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய ஊதாத் தோல் உரிந்து வரும். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒரு துளித் தண்ணீரில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கட்டம் கட்டமாக ஊதா நிறம் ஓரம் வரை ததும்பி நிற்கும். அப்புறம் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, கெட்டியான சர்க்கரைக் கரைசல் ஒரு துளி விட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் ஊதா நிறம் சுவரை விட்டு மெல்ல விலகி உள்ளே சுருங்கும், முதலில் மூலைகளில், பிறகு எல்லாப் பக்கமும். கடைசியில் வெளிறிய கட்டத்துக்கு நடுவில் ஒரு ஊதா உருண்டை நிற்கும். செல்சுவர் வேறு, பிளாஸ்மா சவ்வு வேறு என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதினாலும் வராத தெளிவு அந்த இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். திரும்பத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் உருண்டை விரிந்து பழைய இடத்துக்கு வரும். ஒரு பையன் கண்ணை எடுக்காமலேயே, "சார், எங்கம்மா மாங்காயில உப்புப் போட்டதும் தண்ணி விடுதே, அது இதுதானா?" என்று கேட்டான். அதேதான்டா என்றேன். பிளாஸ்மா சிதைவு என்ற மூன்று மதிப்பெண் கேள்வியை அவன் இனி எந்த வயதிலும் மறக்கமாட்டான்.

உயிரியல் என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று நினைத்துச் சேர்க்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், பி.எஸ்ஸி. நர்சிங், பி.ஃபார்ம் போன்றவற்றுக்கு இன்னும் பிளஸ் டூ மதிப்பெண்தான். ஒரு வருடம் கவனமாகப் படித்த அரசுப் பள்ளிப் பிள்ளை கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ போக முடியும். நீட் ரிசல்ட் வந்த அன்றோடு வாழ்க்கை முடிந்தது என்று ஒரு பிள்ளையும் நினைக்கக் கூடாது, அப்படி நினைக்கவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டின் வேலையும் எங்கள் வேலையும்.

எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கிற வேலை ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், சமையல்கட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ, அதை இரண்டு புத்தகத்திலும் எந்தெந்தப் பக்கத்தில் தேட முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பெண் தேங்காயை எடுத்தாள். இளநீர் என்பது வளர்கிற கருவுக்கு உணவாகிற கருவூண் திசு, ஆனால் செல்சுவர் இல்லாமல் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் மிதக்கிற நிலையில் இருப்பது, அதுவே ஓரத்தில் சுவர் கட்டிக்கொண்டு வழுக்கையாகி, பிறகு தேங்காய்ப் பருப்பாகிறது என்று இரட்டைக் கருவுறுதல் பாடத்திலிருந்து எழுதியிருந்தாள். ஒரு ஆண் கேமீட்டோடு (ஆண் பாலணு) இரண்டு துருவ உட்கருக்கள் சேர்வதால் அது மூன்று குரோமோசோம் தொகுப்பு உள்ள மும்மடியம் என்றும் எழுதியிருந்தாள், பக்கத்தில் சின்னதாக 'வாழை மாதிரி' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே திசு வளர்ப்புப் பாடத்தின் பக்க எண்ணைப் போட்டு, வளர்ப்பு ஊடகத்தில் தேங்காய் நீர் சேர்க்கிறார்கள், அதில் செல் பிரிவதைத் தூண்டுகிற சைட்டோகைனின் இருக்கிறது என்று முடித்திருந்தாள். தன் கருவுக்காகத் தென்னை எடுத்துவைத்த சாப்பாடு, ஏதோ ஒரு ஆய்வகத்துக் குடுவையில் வேறொரு செடியை வளர்க்கிறது. அந்தத் தாளை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.